முகவரி இல்லாதவரின் விண்ணப்பம்

வேலை செய்ய இயலாத ஏழைகளுக்கு அமெரிக்க நடுவண் அரசே மாதந்தோறும் பணம் கொடுக்க வழிசெய்த சட்டத்தில் அதிபர் நிக்சன் 1972 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்டார். எஸ்.எஸ்.ஐ. எனப்படும் அந்த உதவித்தொகை 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தனிநபருக்கு 140 டாலர். முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கு மாநிலங்கள் தத்தம் போக்கில் கொடுத்துவந்த உதவி இப்படி ஒரு குடைக்கீழ் வந்தது. தெருவில் படுத்துறங்கும் மனநோயாளிக்கும் சட்டப்படி அதில் பங்குண்டு. அந்தப் பங்கு கைக்கு வந்ததா என்பது வேறு கதை.

1981இல் தொடங்கிய தகுதி மறுஆய்வில், உடற்குறை, மனநோய் காரணமாக உதவி பெற்றவர்களில் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 4,90,000 பேர் நீக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டனர் என்பதே முதல் முடிவுகளின் தரத்தைக் காட்டும். பேரடி விழுந்தது மனநோயாளிகள் மேல். உதவி இழந்தவர்களைத் தாங்க வேண்டியிருந்த நியூயார்க் நகரமே வழக்குத் தொடுத்தது. அரசு விதிகள் பட்டியலிட்ட அளவுக்கு நோய் முற்றாதவர் எளிய வேலையாவது செய்வார் என்று அதிகாரிகள் வெளியே சொல்லாத உள்விதி ஒன்றை வைத்துத் தீர்ப்பளித்திருந்தது அதில் அம்பலமானது. மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டவர்களின் கோப்புகளையும் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986 ஜூனில் ஒருமனதாகச் சொன்னது.

அதே ஆண்டு அக்டோபரில், நிலையான முகவரி இல்லை என்பதற்காக உதவியை மறுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. சட்டத்தில் கதவு திறந்தது. நடைமுறையில் வாசற்படி உயரமாகவே இருந்தது. போதாக்குறைக்கு, போதைப் பழக்கமே இயலாமைக்கு முதன்மைக் காரணமானால் உதவி கிடையாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படியைச் சேர்த்தது.

சிக்கல் எங்கே இருந்தது? காகிதத்தில். மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கும் கடிதம், விண்ணப்பதாரர் மூன்று வாரம் முன்பே விட்டுப்போன விடுதிக்குப் போகும். அவர் வரவில்லை, 'போதிய சான்று இல்லை' என்று கோப்பு மூடப்படும். சிகிச்சைக் குறிப்புகளோ நாலைந்து அவசரப் பிரிவுகளிலும் சிறை மருத்துவமனையிலுமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடித் திரட்டும் தெளிவு இருந்தால் அவருக்கு இந்த உதவியே தேவைப்பட்டிருக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சி 1993இல் பால்டிமோரில், மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் தொடங்கியது. யுவான் பெரெட் என்ற சமூகப் பணியாளர் அதை முன்னின்று நடத்தினார். அங்கு கற்றதைக் கொண்டு 'சாம்சா' என்ற நடுவண் மனநல முகமை 2005இல் 'சோர்' திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது.

இதில் புதுச் சட்டம் எதுவும் இல்லை. எழுதுகிறவர் மாறினார், அவ்வளவுதான். 1696 என்ற படிவத்தின் வழியே களப்பணியாளர் விண்ணப்பதாரரின் பிரதிநிதி ஆகிறார். கடிதங்களின் நகல் அவருக்கும் வந்துவிடும். விண்ணப்பிக்கும் எண்ணத்தைத் தெரிவித்த நாளே பதிவாகிறது. 60 நாளுக்குள் படிவங்கள் சேர்ந்தால் அந்த நாளே விண்ணப்ப நாளாகக் கணக்கிடப்படும். இடையில் களப்பணியாளர் மருத்துவக் குறிப்புகளைத் திரட்டி ஒரு சுருக்க அறிக்கை எழுதுகிறார். நோயின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், குரல்கள் கேட்பதால் பாத்திரம் கழுவும் வேலையில் எத்தனை நாள் நிற்க முடிந்தது, சொன்ன வேலை நினைவில் நிற்கிறதா என்று வாழ்க்கையையே விவரிக்கும் அறிக்கை அது. மருத்துவரும் கையெழுத்திட்டால் அதன் எடை கூடும்.

துணையின்றி விண்ணப்பிக்கும் வீடற்றோரில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கே முதல் சுற்றில் உதவி கிடைக்கும் என்பது திட்டத்தாரின் மதிப்பீடு. 'சோர்' வழியே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, சில மாதங்களில் முடிவு சாதகமாக வந்திருக்கிறது. களப்பணியாளர்கள் தகுதி தெரிந்த ஆட்களையே எடுத்துக்கொள்வதால் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் இடைவெளி முழுவதையும் அதைக்கொண்டு விளக்கிவிட முடியாது.

உதவி கிடைத்தபின் என்ன? 2025இல் தனிநபருக்கான நடுவண் தொகை மாதம் 967 டாலர். அதில் பெருநகரம் எதிலும் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது. சேமிக்கலாம் என்றால், கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் தகுதி போய்விடும். அந்த உச்சவரம்பு 1989இலிருந்து ஒரு டாலர்கூட உயர்த்தப்படவில்லை.