பாட்டுப் பதிவு: கேசட் கடையிலிருந்து பிரவுசர் வரை

வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் செடல், தீமிதி, கூழ் வார்த்தல் என எந்த விழா வந்தாலும் மைக் செட் பாடியாக வேண்டும். அந்தப் பாட்டு வந்து சேர்ந்த வழி தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

முதலில் இசைத்தட்டு. கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம்தான். 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் 1980-களில் பரவியதும், பதியும் வேலை கடைத்தெருவுக்கே வந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். பதிந்ததும் கேசட்டின் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் அதன்மேல் வேறெதுவும் பதியாது. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு மட்டும் நாடா போதவில்லை. 45 நிமிடத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அந்த இடைவெளியில் தப்பிய வசனம் தப்பியதுதான்.

அந்தக் குறையை எம்பி3 தீர்த்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் வளர்த்தெடுத்த முறை இது. பம்பை ஓங்கி அதிரும்போது அதன் சுருதியை ஒட்டிய மெல்லிய ஓசை காதுக்கு எட்டாது. எட்டாததை எம்பி3 விட்டுவிடுகிறது. 8 மணி நேரக் கூத்து சிடி தரத்தில் சுமார் 5 ஜிபி. விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் ஒற்றைத் தடத்தில் சுருக்கினால் 230 எம்பி. ஆனால் இவ்வளவு சுருக்கும்போது கைத்தாளத்தின் கூர்மை மழுங்கி, தட்டு விழுமுன்பே லேசான இரைச்சல் கசிகிறது. கூத்துக்கு உயிரே தாளம்தான். ஆகவே சுருக்காத மூலப் பதிவை அழிக்கவே கூடாது.

சுருக்கும் வேலை முதலில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளில் நடந்தது. பிறகு பிரவுசரே அதற்கு இடமானது. 2013-இல் ஃபயர்பாக்ஸ் மைக்கின் ஒலியை நேராகச் சுருக்கிப் பதியும் வசதியைத் தந்தது; ஆனால் கிடைத்தது எம்பி3 அல்ல, ஓபஸ் என்ற வேறொரு வடிவம். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் செருகும் பென்டிரைவுக்கோ பெரும்பாலும் எம்பி3 வேண்டும். எனவே 1998-இல் தொடங்கிய லேம் என்ற, எம்பி3-ஆகச் சுருக்கும் கட்டற்ற மென்பொருளை நிரலாளர்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினர். 2017-இல் முக்கிய பிரவுசர்கள் எல்லாம், நிரலை விரைந்து ஓட்டும் வெப்அசெம்பிளியை ஏற்றதும் அது வேகம் பெற்றது. அதே ஆண்டு எம்பி3-இன் காப்புரிமைக் கட்டணமும் முடிவுக்கு வந்தது. ஒலி எந்த சர்வருக்கும் போகாமல் கைபேசிக்குள்ளேயே சுருங்குவதால், சிக்னல் சரியில்லாத ஊரிலும் வேலை தடைப்படுவதில்லை.