கடல் வானமும் அடுப்புப் புகையும்

நடுக்கடலின் காற்றுத் தூயது என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆங்கு ஊருமில்லை, உலையுமில்லை. ஆயினும் 1832 ஜனவரியில் ‘பீகிள்’ கப்பல் ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வேர்ட் தீவுகளை அணுகியபோது, பாய்மர உச்சியிலிருந்த காற்றுத்திசைகாட்டியின் வலைத்துணியிற் பழுப்பு நிறத் தூசு படிந்திருந்தது. இளைஞரான சார்ள்ஸ் டார்வின் அதனைச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்தார். அதனையும் வேறு நான்கு பொட்டலங்களையும் ஆராய்ந்த ஜேர்மனிய அறிஞர் ஏரன்பெர்க் 67 வகை உயிருருக்களைக் கண்டார். அவற்றிலிருந்த நுண்ணுயிர்கள், இரண்டு வகை நீங்கலாக, நன்னீரில் வாழ்வன. கடலில் விழுந்த தூசு நிலத்தின் செய்தியைச் சுமந்து வந்திருந்தது.

அது இயற்கை எழுப்பிய தூசு. 1999இல் இந்து சமுத்திரத்தின் மேற் காணப்பட்டதோ பெரும்பாலும் மனிதர் எழுப்பியது. தமிழ்நாட்டிற் பிறந்த வீரபத்திரன் இராமநாதனும் நொபெல் பரிசு பெற்ற போல் குருட்சனும் முன்னின்று நடத்திய ஆய்வில், பல நாட்டு விஞ்ஞானிகள் விமானங்களிலும் கப்பல்களிலும் மாலைதீவுகளிலும் இருந்து காற்றை அளந்தனர். நமது வடக்குக்கும் கிழக்குக்கும் மழை கொணரும் அதே வடகீழ்ப் பருவக்காற்று, ஆசிய நிலப்பரப்பின் புகையைக் கடல்மீது ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம்வரை பரப்பியிருந்தது. அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. கடலை அடையும் ஒளியைக் குறைக்கிறது. ஒளி குறைந்தால் நீராவி குறையும். மழையின் ஒழுங்கும் குலையக்கூடும்.

2002இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை இதனை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்றது. இந்தியாவிற் கண்டனம் எழுந்தது. பின்னர் ‘ஆசிய’ என்ற சொல் கைவிடப்பட்டது. கண்டனத்தில் நியாயமுண்டு. 1952 டிசம்பரில் இலண்டனின் நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கானோரை மாய்த்தபோது, அதற்கு ஒரு கண்டத்தின் பெயர் சூட்டப்படவில்லை.

ஆனால், பெயரை மாற்றுவதாற் புகை கலைந்துவிடாது. இப்பிராந்தியத்தின் குளிர்காலக் கரிப்புகையில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு முதலியன எரிவதால் எழுவதென 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அப்புகையை முதலிற் சுவாசிப்பவள் அடுப்படியில் நிற்கும் ஏழைப் பெண். கடல் அதனைப் பின்னரே காண்கிறது. விறகை அவள் விரும்பித் தேர்ந்தாளல்லள். வறுமை அவளுக்கு விட்டுவைத்தது அதுவே.

அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நீதியன்று. தேசப் பெருமை பேசி அவள் சுவாசிக்கும் புகையை மறைத்தலும் நீதியன்று. இராமநாதன் பின்னர் இந்தியக் கிராமத்தில் புகை குறைந்த அடுப்புகளை வழங்கும் முயற்சியில் இறங்கினார். கடல் வானத்தைத் தெளியச் செய்யும் பணி அந்த அடுப்படியிலேயே தொடங்க வேண்டும்.