கில்பாட்ரிக்கின் இரண்டாம் வகை: தொடக்க வகுப்பு ஓவியப் பாடத்தில் இணையக் கருவிகளின் இடம்

தொடக்க வகுப்பு ஓவியப் பாடத்தில் இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரு முன்முடிவோடு தொடங்குகிறது: செயல்திட்டம் என்றால் கடைசியில் கையில் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். குழந்தை வரைகிறது, ஆசிரியர் அதைப் படம்பிடித்து இணையக் காட்சிக்கூடத்தில் ஏற்றுகிறார், பெற்றோர் பார்த்துப் பாராட்டுகிறார்கள். 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ட்சோனியா இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அங்கே குழந்தையின் ஓவியத்தைக் கோப்பையிலும் சட்டையிலும் அச்சிட்டு வாங்கலாம். விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்குச் சேரும். இந்த ஏற்பாட்டைச் செயல்திட்ட முறையின் இயல்பான வளர்ச்சி என்று கொள்வோர், கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் அம்முறை பற்றி 1918-இல் எழுதிய கட்டுரையைத் தம் பக்கத்துச் சான்றாகக் கருதுகிறார்கள். அந்தக் கட்டுரை அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்பதே என் வாதம்.

கட்டுரை செயல்திட்டங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஒரு கருத்துக்குப் புறவடிவம் தருவது முதல் வகை: படகு கட்டுவது, கடிதம் எழுதுவது, நாடகம் போடுவது. அழகைத் துய்ப்பது இரண்டாம் வகை: கதை கேட்பது, இசை கேட்பது, ஓவியத்தைப் பார்த்து மகிழ்வது. சிக்கலைத் தீர்ப்பது மூன்றாவது, திறனையோ அறிவையோ கைவரப் பெறுவது நான்காவது. முதல் வகைக்கு நோக்கம் கொள்ளல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பிடல் என நான்கு படிகளை அவர் வகுக்கிறார். நான்காம் வகைக்கும் அவையே. மூன்றாம் வகைக்கு மெய்யியலாளர் ஜான் டியூயியின் சிந்தனைப் படிகள். இரண்டாம் வகைக்கு வரும்போதுதான் நடை தயங்குகிறது. இதைச் செயல்திட்டத்தில் சேர்க்கலாமா என்று சிலர் ஐயுறக்கூடும் என்கிறார். ஆனாலும் துய்ப்பை நோக்கமே வழிநடத்துகிறது, சுவையுணர்வின் வளர்ச்சியிலும் அதற்குப் பங்குண்டு என்றே தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். இன்னின்ன படிகள் என்று காட்ட இப்போதைக்குத் தம்மிடம் ஏதுமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இந்தத் தயக்கத்தைப் பின்வந்தோர் கைவிடல் என்று படித்துவிட்டார்கள். படிகள் இல்லாததைப் பாடத்திட்டத்தில் வைக்க முடியாது. ஆகவே முதல் வகையின் நான்கு படிகளே செயல்திட்டம் முழுமைக்கும் இலக்கணமாகிவிட்டன. கில்பாட்ரிக் கைவிட நினைத்திருந்தால் நான்கில் ஒன்றாக அதை வைத்திருக்க வேண்டியதில்லை. அவர் இல்லையென்று சொன்னது வழிமுறையைத்தான், வகையை அல்ல. இதைவிட வலுவான சான்று அதே கட்டுரையில் வரும் பட்டம் செய்யும் இரு சிறுவர்கள். ஒருவன் முழு மனத்தோடு செய்கிறான். மற்றவன் கட்டாயத்துக்காகச் செய்கிறான். செய்த பொருளைக் கொண்டு அளந்தால் இருவரும் சமம். ஆனால் கில்பாட்ரிக்கின் கண்ணோட்டத்தில் இருவர் கற்றதும் ஒன்றல்ல. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. நோக்கத்தை உரைகல்லாகக் கொண்ட ஒருவரைப் பொருளின் காவலராக்குவது அவருடைய மூலத்துக்கு எதிரான வாசிப்பு.

இரண்டாம் வகைக்கு 1918-இல் ஏன் படிகள் கிடைக்கவில்லை? அவர் காரணம் சொல்லவில்லை; என் ஊகத்தை ஊகமாகவே முன்வைக்கிறேன். சுவரில் தொங்கும் சிறிய அச்சுப் படத்தை முப்பது குழந்தைகள் பார்க்கும்போது யார் எதைப் பார்த்தார்கள் என்பதற்குத் தடயம் இருக்காது. தடயமில்லாத செயலைப் படிகளாகப் பிரிப்பது கடினம். இன்றைய கருவிகள் மாற்றியிருப்பது இதைத்தான்.

பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள இதன் உயரம் 118 செ.மீ., அகலம் 161 செ.மீ. இருநூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள், எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். பாடநூல் அளவுக்குச் சுருக்கினால் வெறும் எறும்புக்கூட்டம். அருங்காட்சியகம் 2018 புரூகல் கண்காட்சியையொட்டி நடத்திய ‘இன்சைட் புரூகல்’ தளத்தில் இதைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். அகச்சிவப்புப் படத்தையும் ஊடுகதிர்ப் படத்தையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடலாம். இடது கீழ்மூலையில் இருவர் எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுகிறார்கள். அஞ்சாங்கல் ஆடிய குழந்தைக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். பச்சைக்குதிரை தாண்டுகிறவர்களும் வளையம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் நெருங்கினால் முகங்கள் தெரியும்: பெரியவர்களின் முகம் போல இறுகியவை, சிரிப்பு அரிது. விளையாடும்போது ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வி ஏழு வயதுக்கு எட்டாத கேள்வியல்ல.

‘நாம் ஆடும் விளையாட்டுகளைக் கண்டுபிடிப்போம்’ என்று இரண்டாம் வகுப்பு முடிவெடுத்தால் அது நோக்கம். யார் எந்த மூலையில் தேடுவது என்பது திட்டம். கண்டதைத் திரையில் வெட்டியெடுத்து இணையப் பொதுப் பலகையில் ஒட்டுவது செயல். மறுவாரம் அதே இடத்துக்குத் திரும்பி, முதலில் தவறவிட்டதைச் சொல்வது மதிப்பீடு. கில்பாட்ரிக் தம்மிடம் இல்லை என்ற படிகள் இப்படி அமையக்கூடும். இது முதல் வகையின் படிகளைக் கடன் வாங்குவதுதானே என்று கேட்கலாம். பெயர்கள் ஒன்றுதான், ஆனால் இங்கே முடிவில் பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை, பலகை பார்வையின் பதிவு மட்டுமே. 1934-இல் வந்த ‘கலை அனுபவமாக’ என்ற நூலில் டியூயி, பார்ப்பவரும் தம் அனுபவத்தைத் தாமே படைத்தாக வேண்டும் என்று வாதிட்டார். துய்ப்பைச் செயலற்ற நிலை என்று ஒதுக்குவோர் அவரோடும் மோத வேண்டியிருக்கும்.

அதே டியூயி 1931-இல், செயல்திட்டம் எனப்படுபவற்றில் பல குறுகிய காலத்தில் முடிவதாகவும், கல்விப் பயன் இல்லாத அளவுக்கு அற்பமாகவும் இருப்பதாகக் குறைகூறினார். ஒரே ஓவியத்துக்குப் பல வாரங்கள் திரும்பத் திரும்ப வரும் வகுப்பைவிட, வாரம் ஒரு படம் வரைந்து ஏற்றும் வகுப்பையே இந்தக் குறை நேராகத் தாக்குகிறது. திரைநேரம் பற்றிய அச்சம் இங்கே பெரிதாகப் பொருந்தாது. ஒரு வகுப்புக்கு ஒரு திரை போதும். கை வேலை குறையும் என்பதும் சரியல்ல. தேடி முடித்த குழந்தைகள் தங்கள் தெருவின் விளையாட்டுகளைத் தாளில் வரையட்டும். அந்தத் தாள் இணையத்தில் ஏற வேண்டிய தேவை இல்லை. ஆசிரியர் மதிப்பிடும்போது தாளோடு பொதுப் பலகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எந்தக் குழந்தை எந்த மூலைக்குத் திரும்பி வந்தது, இரண்டாம் முறை புதிதாக எதைக் கண்டது என்பதற்கான சான்று அங்கேதான் இருக்கிறது.