நீரில் பிறந்து நிலத்தில் தங்கிய சொல்

பழைய இரும்பும் தகரமும் எடைக்குப் போடுகிற இடத்துக்குச் சென்னையில் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்திலிருந்து வந்து அந்த வணிகத்தில் இறங்கியவர்களால் ஏற்பட்ட பெயர் என்பார்கள். காயலான் என்றால் காயல்காரன். அப்படியானால் காயல் என்றால் என்ன? தமிழ்நாட்டில் அது ஊர்ப்பெயராகத்தான் காதில் விழுகிறது. அந்தப் பெயருக்குள் இருக்கும் பொருளைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ஆலப்புழைக்குப் போவதே நல்ல வழி.

அங்கே காயல் அன்றாடப் புழக்கச் சொல். ஆற்றுக்கு ஆறு, புழை, கால்வாய்க்குத் தோடு, கடலுக்குக் கடல். இவை எதிலும் சேராமல், கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்குக் காயல். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் வேம்பநாட்டுக் காயலில் வந்து விழுகிறது. மழைக்காலத்தில் அது நன்னீர். வேனிலில் கடல் உள்ளே ஏறிவர, உப்பு நீர். காயலின் வாய்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கடலோடு எப்போதும் திறந்திருக்கும் வாய் அழி. வெள்ளம் வந்தால் உடைந்து, வேனிலில் மணல் மூடிக்கொள்ளும் வாய் பொழி. இந்தப் பொழி குமரி மாவட்டக் கடற்கரையிலும் வழங்கும் சொல்தான்.

சங்கப் புலவர்கள் இத்தகைய நீருக்குக் கழி என்றார்கள். நெய்தல் பாட்டுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. இலங்கைத் தமிழர் களப்பு என்கிறார்கள்; மட்டக்களப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. காயலோ தமிழ்நாட்டில் பொதுச்சொல்லாக மங்கி, தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில் மூன்று ஊர்களின் பெயரில் ஒதுங்கிவிட்டது: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம்.

காய்தல் என்ற வினையோடு இந்தச் சொல்லை இணைத்துப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். வற்றிக் காய்கிற நீர் என்று பொருள் சொல்லிவிடலாம். ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி அப்படி முடித்துவிட எனக்கு மனமில்லை. பக்கத்திலேயே ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் கயம் என்ற பழஞ்சொல்லும் நிற்கிறது. வேரைத் தேடுவதைவிட, அந்தச் சொல் போய்த் தங்கிய இடங்களைப் பார்ப்பது அதிகம் கற்றுத்தருகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயில் என்று எழுதிவைத்த துறைமுகம் பழையகாயல்தான் என்று கால்டுவெல் கண்டார். அங்கே சீன, அரபுப் பானையோடுகளும் அவருக்குக் கிடைத்தன. ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்து நின்ற துறை அது. அதற்கு முன்பு கொற்கைத் துறைமுகத்துக்கு நேர்ந்தது காயலுக்கும் நேர்ந்தது. ஆறு சுமந்து வந்த வண்டல் துறையைத் தூர்த்தது. கடல் விலகிப் போனது. வணிகம் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. தண்ணீர் போனபின் அதன் பெயர் மட்டும் நிலத்தில் ஊரின் பெயராக நிலைத்தது. இங்கே அதைச் செய்தது ஆறு. ஆலப்புழைக்குக் கிழக்கே குட்டநாட்டில் அதையே மனிதர்கள் தங்கள் கையால் செய்தார்கள்.

ஆலப்புழை நகரம் திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகமாக வளர்ந்தது. காயலிலிருந்து சரக்கைக் கடற்கரைக்குக் கொண்டுவர வாடைத்தோடு, வணிகக் கால்வாய் என இரண்டு கால்வாய்கள் ஏறக்குறைய இணையாக வெட்டப்பட்டன. நெல்லும் மிளகும் கொப்பரையும் கயிறும் அவற்றில் வந்தன. கொச்சித் துறைமுகம் வளர்ந்ததும் இங்கே கப்பல்கள் குறைந்தன. இன்று பயணிகள் தேடி வருவது அந்தக் கால்வாய்களின் மறுமுனையை.

படகுவீடு வாடகைக்கு எடுக்காமல் அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகில் ஏறுவதே மேல் என்பேன். பள்ளிப் பிள்ளைகளோடும் மீன்கூடைகளோடும் அது புன்னமடைக் காயலைக் கடந்து கைநகரி, நெடுமுடி, காவாலம் பக்கம் போகும். சிறிது தூரம் போனதும் கண் குழம்பும். படகு மேலே போகிறது. கரைக்கு அப்பால் நெல்வயல் கீழே கிடக்கிறது. வரப்பில் நிற்கும் தென்னைகளுக்கு ஒருபுறம் காயல் நீர், மறுபுறம் அதைவிடத் தாழ்ந்த வயல். கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை கீழே இங்கே நெல் விளைகிறது. 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது.

இந்த வயலின் பெயர் என்ன என்று கேளுங்கள். காயல் என்பார்கள். சித்திரைக் காயல், மார்த்தாண்டம் காயல், ராணிக் காயல். 1940-களில், பர்மா அரிசி வரத்து நின்று திருவிதாங்கூர் பசியில் தவித்த காலத்தில், முரிக்கன் என்று ஊர் அழைத்த ஜோசப் முன்னின்று காயலிலிருந்து மீட்ட நிலங்கள் இவை. அரச குடும்பத்தினரின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். அவருக்குக் கிடைத்த பட்டம் காயல் ராஜா. அதற்கு முன்பே மீட்கப்பட்ட பாத்திகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். ஆர் பிளாக் அவற்றில் ஒன்று.

ராஜா என்ற பட்டம் ஒருவருக்குப் போனது. நீரில் இறங்கியவர்கள் வேறு. தென்னந்தடிகளை இரண்டு வரிசையாகக் காயலின் அடித்தரையில் அறைந்து, மூங்கில் தட்டி கட்டி, நடுவே மணலும் இலைதழையும் போட்டு, அடியிலிருந்து முங்கி எடுத்த களிமண் கட்டைகளை அடுக்கி வரப்பை எழுப்பினார்கள். பிறகு உள்ளே அடைபட்ட நீரைச் சக்கரம் மிதித்து வெளியேற்றினார்கள். என்ஜின் வந்தபின் அந்த வேலையைப் பெட்டியும் பறையும் என்று அவர்கள் சொல்லும் இறைப்பான் செய்தது. முங்கியவர்களிலும் மிதித்தவர்களிலும் பெரும்பாலோர் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகள். அவர்களில் எவர் பெயரும் எந்தக் காயலுக்கும் வைக்கப்படவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

குட்டநாட்டில் பொருள் புரண்ட சொல் இது ஒன்றுதான் என்றில்லை. தமிழில் புன்செய், பேச்சில் புஞ்சை என்றால் மானாவாரி மேட்டு நிலம். அங்கே புஞ்ச என்றால் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றில் விதைக்கிற நெல். ஒரே சொல்லை மலையின் கிழக்கே காய்ந்த மண்ணுக்கும் மேற்கே நனைந்த மண்ணுக்கும் வைத்திருக்கிறோம்.

கேரளத்தின் இந்த நீர்ப்பரப்பை நம் பத்திரிகைகள் உப்பங்கழி என்றோ பேக்வாட்டர் என்றோ எழுதுகின்றன. ஆண்டில் பல மாதம் உப்பே இல்லாத நீரை உப்பங்கழி என்பது பொருந்தவில்லை. காயல் என்றே எழுதலாம். அது நம் சொல்லும்தான்.

உப்பைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை எழுந்தது. முன்பெல்லாம் ஓருமுட்டு என்ற தற்காலிக மண்ணணைகள் செய்த வேலை அது. ஓரு என்றால் உப்புநீர். கோடையில் தடுப்பணையின் கதவுகளை அடைத்தால் புஞ்ச நெல் தப்பும். ஆனால் முட்டையிட உப்புநீருக்கு இறங்க வேண்டிய ஆற்றுக்கொஞ்சு இறாலின் வழி அடைபடும், கறுத்த கக்கை என்ற சிப்பி குறையும், தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை படரும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று உழவரும் மீனவரும் பலமுறை மோதியிருக்கிறார்கள். காயலைக் காப்பாற்று என்றுதான் இருவரும் கேட்கிறார்கள். உழவர் வரப்புக்கு உள்ளே இருப்பதைச் சொல்கிறார், மீனவர் வெளியே இருப்பதை.