மின்காந்தச் சுருளில் மின்காப்பு: 1825 முதல் 2021 வரை

மின்காப்பின் வரலாற்றை, மின்னழுத்தத்தைத் தாங்கும் திறன் வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். காந்தச் சுருளுக்கு அது பொருந்தாது. காப்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறது, சூட்டை எப்படிக் கையாள்கிறது என்ற இரண்டு கேள்விகளே இங்கு ஒவ்வொரு மாற்றத்தையும் முடிவு செய்தன.

1825இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தத்தில் காப்பு இருந்தது இரும்பின்மேல்தான். லாடமாக வளைத்த இரும்புக்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றினார். சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஆகவே ஒரே அடுக்கு, அதுவும் இடைவெளி விட்டு. 200 கிராம் இரும்பு ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கியது.

அமெரிக்காவில் ஆல்பனி அகாடமி ஆசிரியர் ஜோசப் ஹென்றி, காப்பைக் கம்பிக்கே மாற்றினார். கம்பிக்குப் பட்டு சுற்றியதும் சுற்றுகளை நெருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 1831 தொடக்கத்தில் அவர் விவரித்த காந்தத்தில் தலா 60 அடி நீளமுள்ள ஒன்பது தனிச் சுருள்கள் இருந்தன. அவற்றின் முனைகளைத் தனித்தனியே வெளியே விட்டிருந்ததால், மின்கலத்துக்கு ஏற்பத் தொடராகவோ பக்க இணைப்பாகவோ மாற்றி இணைத்துப் பார்க்க முடிந்தது. சுமார் 9.5 கிலோ இரும்பு 340 கிலோவைத் தூக்கியது. அதே ஆண்டு யேல் கல்லூரிக்காகச் செய்த காந்தம் 900 கிலோவைத் தாண்டியது. ஆறே ஆண்டுகளில் நேர்ந்த இந்தப் பாய்ச்சலில் பட்டு நூலுக்குரிய பங்கை நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன். அவ்வாண்டு ஆகஸ்டில் லண்டனில் மின்தூண்டலைக் கண்ட ஃபாரடே, தம் இரும்பு வளையத்தில் வெற்றுக் கம்பியையே சுற்றினார். சுற்றுகளுக்கு இடையே நூற்கயிறு, அடுக்குகளுக்கு இடையே பருத்தித் துணி.

பின்னர் வந்த இனாமல் பூச்சு பட்டு, பருத்தி உறைகளைவிட மெல்லியது. அதே இடத்தில் செம்பு கூடுதலாக அடங்கியது.

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகள் வந்ததும், கேள்வி இடத்திலிருந்து சூட்டுக்கு மாறியது. செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் நையோபியம்-டைட்டானியம் கேபிளுக்குப் பாலிஇமைடு நாடா சுற்றினார்கள். வெளி நாடாவை வேண்டுமென்றே இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கிறார்கள், 1.9 கெல்வின் குளிரிலுள்ள மீப்பாய்ம ஹீலியம் அந்த இடுக்கு வழியாகக் கேபிளை நெருங்கி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். காப்பே குளிர்வழியும் ஆனது.

நையோபியம்-வெள்ளீயத்தில் சிக்கல் இன்னும் கடுமை. அந்தச் சேர்மம் நொறுங்கும் தன்மையது. எனவே கம்பியை முதலில் சுற்றிவிட்டு, முழுச் சுருளையும் சுமார் 650 டிகிரி செல்சியஸில் பல நாள் உலையில் வைத்து அச்சேர்மத்தை உருவாக்குகிறார்கள். பட்டோ பாலிஇமைடோ அங்கே தாங்காது. கண்ணாடி இழையே கதி. அந்த இழையின்மேல் நெசவுக்காகப் பூசும் கரிமப் பசைகூட உலையில் கருகிக் கரியாகும். கரியோ மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பசையை முன்பே நீக்கவோ மாற்றவோ வேண்டும். உலையிலிருந்து வந்த பிறகு, வெற்றிடத்தில் எப்பாக்சியை ஊட்டி இறுக்குகிறார்கள்.

உயர்வெப்ப மீக்கடத்தி நாடாக்களில், சுற்றுகளுக்கு இடையே காப்பே வேண்டாம் என்ற வழியை 2011இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஓரிடம் மீக்கடத்தலை இழந்தால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவித் தப்பிக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, சுருளில் மின்னோட்டத்தை ஏற்றுவது மந்தமாவது. எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் அணுக்கரு இணைவு உலைக்காக இவ்வழியில் கட்டிய முன்மாதிரிச் சுருள் 2021 செப்டம்பரில் 20 டெஸ்லாவை எட்டியது. பின்னர் வேண்டுமென்றே மின்சுற்றைத் துண்டித்துச் சோதித்தபோது, அச்சுருளின் ஒரு மூலை வெப்பத்தால் சேதமடைந்தது.