பழைய கணினிக் கோப்புகளும் தமிழ் எழுத்துருக்களும்

பழைய கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால், சில வேளை பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கெட்டுவிட்டதென்று அழித்துவிடுவோரும் உண்டு. கோப்பு கெடவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவானது.

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உள்ளன. இரண்டும் தமிழே, எழுத்துதான் வேறு. கணினியில் இதே மாற்றம் இருபது ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது.

1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. ஆயினும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது; ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். மதுரைத் திட்டம் டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது.

மாற்றிச் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. 'கெ' என்பதில் பழைய எழுத்துருக்கள் கொம்பை முதலில் பதியும். ஒருங்குறி ககரத்தை முதலில் பதியும். செயலி இவ்வரிசையைத் திருத்திவிடும். ஆனால் பாமினிக் கோப்பின் இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பும். அவற்றைக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். பழைய கணினியைக் கழிப்பதற்கு முன், கோப்புகளோடு எழுத்துருவையும் படியெடுத்து, மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.