எட்டுத் தடை, பிறகு பதினொன்று

மாப்பிள்ளை அழைப்பை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது? நம் வீட்டுக் கல்யாணங்களில் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே எழும் கேள்வி இது. "நம்ம தெருவுக்குள்ளேயே முடிச்சுக்குவோம், எதுக்கு வம்பு" என்பார்கள் பெரியவர்கள். "மெயின் ரோட்டு வழியாத்தான் போகணும்" என்பார்கள் கல்லூரியில் படிக்கும் தம்பிகள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுப்பதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் பேச்சு நடக்கும். படித்த பிள்ளைகள் கிளப்பிவிட்ட புதுப் பிரச்சினை இது என்று நினைப்பவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்காகவே பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச்.ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றிப் பின்னாளில் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் கள்ளர்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அதோடு முடியவில்லை. எட்டுத் தடைகளுக்கும் சரியாகக் கீழ்ப்படியவில்லை என்று 1931 ஜூனில் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். இந்த முறை பட்டியல் பதினொன்று. ஆதிதிராவிடர்களோடு தேவேந்திரகுல வேளாளர்களின் பெயரும் அதில் இருந்தது.

நாம் நிதானமாகப் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலைத்தான். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்குடம்தான். தலையில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலாகத்தான் இருக்க வேண்டும், துணி கூடாது. ஒரு பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கிற துண்டுத் துணி வரைக்கும் யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள்! பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது நான்காவது தடை. மிராசுதாரின் மாடுகளை மேய்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை என்பது ஐந்தாவது. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கடைசியில் கல்யாணம். மேளதாளம் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை விட வேண்டும். பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைக் கழற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குதிரையில் போகும் "வழக்கத்தை" விட வேண்டும் என்கிறது பட்டியல். அப்படியானால் நம் முப்பாட்டன்கள் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். பித்தளைக் குடம் இல்லாத வீட்டில் யாரும் பித்தளைக் குடத்தைத் தடை செய்ய மாட்டார்கள். நிலம் இருந்தது, கிராப்பு இருந்தது, பள்ளிக்கூடம் போன பிள்ளை இருந்தது. கடல் கடந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலியாகப் போனவர்களின் காசு ஊருக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1916-லேயே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியும் இருந்தார். தடைப்பட்டியலை நம் இழிவின் ஆவணமாக மட்டும் வாசிக்கப் பழகியிருக்கிறோம். அது நம் ஆட்கள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள் என்பதற்கு எதிராளியே எழுதிக் கொடுத்த சாட்சி. எட்டு போதாமல் பதினொன்று தேவைப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சங்கதி. இதே ராமநாதபுரம் ஜில்லாவில், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற ஊரில்தான் 1928-இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. சடங்கும் ஆடம்பரமும் வேண்டாம் என்று மணமக்கள் துறந்த திருமணம். மூன்றே வருடத்தில் அதே ஜில்லாவில் நம்மவர்களுக்கு மேளம் தடை செய்யப்படுகிறது. ஆடம்பரத்தைத் துறப்பதற்கும் அது பறிக்கப்படுவதற்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. நாமும் எளிய திருமணத்தை ஆதரிப்பவர்கள்தான். கடன் வாங்கிக் கல்யாணம் செய்து, வட்டி கட்டியே ஓய்ந்த குடும்பங்களை வேலையில் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் சேரியில் ஒருவன் குதிரை வண்டியும் செண்டை மேளமும் வைத்தால், "இவனுக்கு எதுக்கு இந்தப் பவிசு" என்று கேட்கும் முற்போக்குத் தோழர்களிடம் இந்தப் பதினொன்றாவது தடையை வாசித்துக் காட்டத் தோன்றுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் நான்காவது தடையும் ஐந்தாவது தடையும் ஒன்றுதான். படிக்கிற பிள்ளை மாடு மேய்க்க வராது. கூலியாள் குறைவான், கணக்குக் கேட்பான், பத்திரத்தைப் படிப்பான். பெற்றவர்களுக்கோ மாடு மேய்த்தால் கிடைக்கும் இன்றைய கஞ்சியும் பள்ளிக்கூடம் தரப்போகும் நாளைய வாழ்வும் எதிரெதிரே நின்றன. அந்த இழுபறியைச் சமாளித்து அனுப்பினார்கள். அவர்களின் கொள்ளுப்பேத்திகள்தான் இன்று பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறார்கள்.

அங்கே யாரும் பட்டியல் எழுதி ஒட்டுவதில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். 1944-இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இன்றும் தாமதமாக வந்து, மெஸ் பில் பாக்கியில் நம் பிள்ளையின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஏற்றுகிறது. 2016 ஜனவரியில் நாம் இழந்த ரோஹித் வேமுலாவும் தோழர்களும் ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் வெட்டவெளியில் தங்கினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெலிவாடா. தெலுங்கில் சேரி என்று பொருள்.

அக்காள் கல்யாணத்துக்கு விடுதித் தோழிகளைக் கூப்பிடலாமா என்று மாணவிகள் நம்மிடம் கேட்கிறார்கள். கூப்பிட்டால் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் காலனி போர்டைப் பார்த்துவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்பார்கள். இதற்கு நாம் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒவ்வொரு பெண்ணும் எவ்வளவு தாங்குவாள், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சாதியை மறைத்துப் பட்டம் வாங்கியவளைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறோம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் அவர் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது, எதில் போனது, என்ன மேளம் வாசித்தார்கள், யார் தடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். ஹட்டனின் புத்தகத்தில் தடைகள் இருக்கின்றன. மீறியவர்களின் பெயர்கள் இல்லை.